கெல்லி கோட்டையின் வளைவுகள் எங்கிருந்து வந்தன?

மலேசியாவின் சிம்பாங் பூலாய் பக்கம் கெல்லி கோட்டை என்றாலே பேய்க்கதைதான். பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றையொட்டிய மேட்டில் பாதியில் நின்றுபோன மாளிகை அது. எனக்குப் புதிராக இருந்தவை அதன் வளைவுகள். அரைவட்டமாக, கனமாக, ஐரோப்பாவின் பழைய ரோமனெஸ்க் தேவாலயங்களை ஒத்திருப்பவை.

முதலில் மாளிகையைக் கட்டிய துரையின் பிறந்த ஊரைத் தேடினேன். வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தின் கெல்லஸில் பிறந்தவர். அதே மோரே வட்டாரத்தில், எல்ஜினுக்குத் தெற்கே ஒரு மேட்டில் பர்னி தேவாலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கற்கட்டடம். நூற்றாண்டுகளாக வழிபாடு நடந்த இடம். உள்ளே ஓர் அரைவட்ட வளைவு. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால், ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று துள்ளத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். பர்னியில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கெல்லி கோட்டையில் பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் செங்கல். கோட்டையில் அரைவட்டங்களோடு இருக்கும் குதிரைலாட வடிவ வளைவுகளுக்கோ பர்னியில் பதிலே கிடையாது.

பதில் சென்னை மெரினா கடற்கரையில் இருக்கலாம். அங்கே கட்டடக்கலைஞர் சிசோம் வடிவமைத்த பல்கலைக்கழக செனட் மாளிகை 1879-இல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1892-இல். ஐரோப்பிய வளைவும் முகலாய வளைவும் கலந்த இந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் ஒரு தலைமுறைக் கொத்தனார்கள் கைதேர்ந்தார்கள். ஸ்மித் 1915-இல் மாளிகையை விரிவாக்கத் தொடங்கியபோது சென்னையிலிருந்து ஆட்களையும் செங்கல்லையும் வரவழைத்தார் என்பது தோட்டத்து வழக்கு. கதையைவிட வளைவுகளின் கலப்பே எனக்குப் பெரிய சாட்சி.

இன்னொரு சாட்சி போலத் தோன்றுவது அருகிலுள்ள மகா மாரியம்மன் கோயில். ஸ்பானிஷ் காய்ச்சலில் வேலையாட்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டு ஸ்மித் கட்டிக்கொடுத்தது என்பார்கள். தெய்வங்களுக்கு நடுவே துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். சுதை வேலை தெரிந்த கை அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கும்பாபிஷேகம் தோறும் வர்ணமும் பூச்சும் மாறும் சிலையை வைத்து நூறாண்டுக்கு முந்திய கையைத் தீர்மானிக்க முடியாது.

1926-இல் ஸ்மித் லிஸ்பனில் இறந்தார், வேலை நின்றது. பூசாமல் விட்ட சுவர்கள் ஆய்வாளனுக்கு லாபம். அடுத்து அளக்க வேண்டியது செங்கல்லை: நீளம், அகலம், கனம் மூன்றையும் அக்காலச் சென்னைச் சூளைச் செங்கல்லோடும் ஈப்போ வட்டாரத்துச் செங்கல்லோடும் ஒப்பிட வேண்டும்.