பத்தமடைப் பாய்: படுக்கையிலிருந்து பரிசுக்கு

கல்யாணப் பரிசு என்றதும் சுவர்க்கடிகாரமும் குத்துவிளக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சமீப காலமாக நகரங்களில் கைவினைப் பரிசுகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. வாங்குகிறவரின் பெயரைப் பொறித்துத் தரும் பொருள் என்றால் கேட்கவே வேண்டாம்! ஆனால் திருநெல்வேலிச் சீமைக்கு இது புதுசல்ல. மணமக்களின் பெயரும் திருமண நாளும் வருமாறு பாய் நெய்து கொடுக்கும் வழக்கம் அங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. அதுதான் பத்தமடைப் பாய்.

ஊரும் கோரையும்

திருநெல்வேலியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கிறது பத்தமடை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது இந்த ஊரில்தான். ஊர்ப் பெயரிலேயே மடை இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் கன்னடியன் கால்வாய் வழியாக இந்தப் பகுதி வயல்களுக்கு வருகிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் கோரை வளரும், கோரை இருக்கும் இடத்தில் பாய் பிறக்கும். நெசவில் ஈடுபட்டிருப்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம்கள். அவர்களிலும் தறியில் உட்காருபவர்கள் அதிகமும் பெண்கள். இந்துக் கல்யாணங்களின் சீர்வரிசையில் இடம்பெறும் பாயை முஸ்லிம் வீட்டுப் பெண்கள் நெய்து தருகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சாதாரணக் கோரைப்பாய் தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களிலும் உண்டு. பத்தமடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மெல்லிய ரகமான 'பட்டுப்பாய்'. பச்சைக் கோரையை அறுத்து, கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கிக் காயவைக்கிறார்கள். பிறகு ஓடும் ஆற்றுத் தண்ணீரில் பல நாட்கள் ஊறப் போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து இன்னும் மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். கோரை இப்படி நூல் போல ஆன பிறகுதான் தறிக்குப் போகிறது. பாவுக்குப் பருத்தி நூல் அல்லது பட்டு நூல், ஊடைக்குக் கோரை. சிவப்புச் சாயத்துக்கு முன்பு சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சினார்கள், பின்னாளில் ரசாயனச் சாயம் வந்துவிட்டது. கோரையை நீண்ட நாள் ஓடும் நீரில் ஊறவைத்தால் இவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கலாம் என்று முதலில் கண்டவர், நூறாண்டுகளுக்கும் முன் வாழ்ந்த ஹசன் பாவா லெப்பை என்பவர் என்று சொல்லப்படுகிறது. 1953-ல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு ஒரு பட்டுப்பாய் பரிசாகப் போனதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

பாய்க்கு வந்த போட்டி

ஒரு காலத்தில் பாய் என்பது பரிசு இல்லை, தேவை. படுக்க, விருந்தாளியை உட்கார வைக்க, பந்தி போட என்று எல்லாவற்றுக்கும் பாய்தான். ஆகவே முரட்டு ரகத்துக்கு எப்போதும் விற்பனை இருந்தது. கட்டிலும் மெத்தையும் வீட்டுக்கு வீடு வந்தன. பிறகு பிளாஸ்டிக் பாய் வந்தது. கழுவலாம், பூச்சி அரிக்காது, விலையும் குறைவு! விசைத்தறிக் கோரைப்பாயும் சந்தைக்கு வந்ததும் சாதாரண ரகத்தில் கைத்தறியால் விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

இயந்திரத்தோடு விலையில் மோதாமல் தப்பியது பட்டுப்பாய்தான். நல்ல பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் உழைப்புக்கான விலையைப் படுத்துப் புரளும் பாய்க்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், பரிசு என்றால் கொடுப்பார்கள். ஒரு தேவைப் பொருள் பரிசுப் பொருளாக மாறியதால்தான் அந்தத் தொழில்நுட்பம் பிழைத்தது. கைப்பை, கோப்பு உறை போன்ற சிறு பொருட்களாகவும் இந்த நெசவு இப்போது விற்கப்படுகிறது.

ஆனால் பரிசு வியாபாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெயர் நெய்த பாயை ஒரே ஒருவருக்குத்தான் விற்க முடியும். கல்யாணம் நின்றுபோனாலோ, சொன்னவர் வாங்காமல் போனாலோ அந்தப் பாய் வேறு யாருக்கும் உதவாது. கடிகாரக் கடைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. விற்காத கடிகாரம் அலமாரியில் இருக்கும், அடுத்த முகூர்த்தத்தில் போய்விடும். முன்பணம் வாங்காமல் பெயர்ப் பாய் நெய்தால் நஷ்டம் முழுவதும் நெய்தவர் தலையில்தான்.

குறியீடு காப்பது எதை?

பொருட்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. பத்தமடைப் பாய் 2012-13 நிதியாண்டில் பதிவானது. வேறு ஊரில் செய்த பாயை 'பத்தமடைப் பாய்' என்று விற்பதை இதனால் தடுக்கலாம். பதிவைப் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சட்டம் காப்பது பெயரை மட்டுமே. பாய்க்கு என்ன விலை, அந்த விலையில் நெய்தவர் கைக்கு எவ்வளவு என்று குறியீடு எதுவும் சொல்வதில்லை. வாரக்கணக்கில் குனிந்து நெய்து கிடைக்கும் கூலியை விட வெளி வேலையில் கூலி அதிகம் என்றால், அடுத்த தலைமுறைப் பெண் தறிப்பக்கம் வர மாட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது! கோரை அடுத்த வருஷமும் வளரும், பதிவைப் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். கோரையை நூலாகக் கிழிக்கும் கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்ப வராது.

பத்தமடைப் பாயில் மணமகன் பெயர் இருக்கும், மணமகள் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் இருக்காது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி, முன்பணம் கொடுத்து, பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாமல் வாங்குவதுதான் பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு வாங்குகிறவர் செய்யக்கூடிய மரியாதை.