சாய்ந்து நிற்கும் தடித்த எழுத்து

தமிழ் எழுத்துக்குச் சாய்வு பிறவிக் குணம் அன்று. கையெழுத்தில் ஆளுக்கு ஆள் சாய்வு இருக்கலாம். ஆனால் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல எழுத்தைச் சாய்ப்பது அச்சு உலகம் அழைத்து வந்த விருந்தாளி.

1501இல் இத்தாலியின் வெனிசு நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகத்தார் ஒரு முழு நூலையே சாய்ந்த எழுத்தில் வெளியிட்டார். அந்த எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. தடித்த எழுத்தோ தொழிற்புரட்சிக் காலத்துப் பிள்ளை. லண்டனில் 1845இல் வந்த கிளாரண்டன் அதில் பெயர் பெற்றது. தடிப்பும் சாய்வும் சேர்ந்தால் "இங்கே பார், சீக்கிரம் வா!" என்று கூவுகிற எழுத்து கிடைத்துவிடும். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்?

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம். அதில் தமிழ் நேராகவே நின்றது. பிறகும் அச்சுக்கோப்பவர்கள் சாய்வைத் தேடிப் போகவில்லை. தமிழுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஈய அச்சுகள் வேண்டும். சாய்வுக்கென்று இன்னொரு முழுத் தொகுதியை வார்த்தால் கட்டுப்படியாகுமா? அழுத்தம் வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தையோ தடித்த எழுத்தையோ போட்டுச் சமாளித்தார்கள். தூரிகைக்கு அந்தக் கவலை இல்லை. சினிமாப் பதாகையிலும் கடைப் பலகையிலும் ஓவியர்கள் எழுத்தைச் சாய்த்து, நிழல் கொடுத்து, துள்ள வைத்தார்கள்.

கணினி வந்ததும் கதை மாறியது. 1980களின் நடுவில் மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. தமிழ் எழுத்துரு வீட்டு மேசைக்கு வந்தது. கூடவே ஒரு பொத்தானும் வந்தது. அதைத் தட்டினால் எந்த எழுத்தும் சாயும்.

வம்பு அங்கேதான். 'ர'வையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் சிறு வால் மட்டுமே. இயந்திரம் எழுத்தைச் சாய்க்கும்போது துணைக்காலின் அடியும் இடப்பக்கம் ஒதுங்குகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் 'கரடு' காடாகிவிடும்! தடிப்பு கூடினால் 'ண', 'ணை', 'னை' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு வெறும் கறுப்புத் திட்டாகின்றன.

நம் ஊரில் இது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. கோலாலம்பூரின் 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைச் சட்டங்களின்படி பலகையில் தேசிய மொழிக்கே முதன்மை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடைப் பலகையில் தமிழுக்கு மிஞ்சுவது சிறிய இடம். அந்தச் சிறிய இடத்தையும் தடித்த சாய்வெழுத்தால் நிரப்பினால், காரில் போகிறவருக்குத் தமிழ் இருப்பது தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. இருக்கிற இடத்தையும் நாமே வீணடிப்பதல்லவா இது?

தீபாவளிக் காலத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் 'மலிவு விற்பனை' என்று பெரிதாகத் தொங்கும் துணிப் பதாகைக்கு இந்த எழுத்து பொருந்தும். இரண்டே சொல், எட்டடி அகலம், சுழிகளுக்கு மூச்சு விட இடம். மருந்துக் கடைப் பலகைக்கும் முகவரிக்கும் நிமிர்ந்த எழுத்தே போதும். சாய்வுதான் வேண்டும் என்றால் பொத்தானை நம்பாமல், 'ர'வின் வாலை நீட்டி, சுழியை அகட்டி, ஒவ்வோர் எழுத்தையும் சாய்வுக்கென்றே வரைந்த எழுத்துருவைக் கேட்டு வாங்க வேண்டும். பலகைக்குப் பணம் கொடுப்பவர் கடைக்காரர். கேட்க வேண்டியவரும் அவர்தான்.