ஜவ்வாது மலைச் சாமை: வயலுக்கும் அடுப்புக்கும் இடையே ஓர் ஆய்வு வரலாறு

ஜவ்வாது மலை உழவருக்குப் பெரிய அலுவலகம் என்றால் அது வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான். போளூர் வழியாக மலையிறங்கி வந்து மனுக் கொடுக்கும் அவருடைய நிலம் வனத்துறைக்கு ஒரு விவகாரம், பயிர் வேளாண் துறைக்கு, உடம்பு சுகாதாரத் துறைக்கு, சாதிச் சான்றிதழ் வருவாய்த் துறைக்கு. அவர் விளைவிக்கும் சாமையை ஆய்வுலகமும் இப்படித்தான் பங்கு போட்டுப் படித்தது. அந்தப் பிரிவினையில் யார் கையிலும் சிக்காமல் நழுவிய ஒன்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது: உமி.

முதலில் வந்தது வன நிர்வாகம். 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டபோது ஜவ்வாது மலையில் அரசின் கண் சந்தன மரத்தின் மேல் இருந்தது. சரிவைக் கொத்திச் சாமை விதைத்த மலையாளிப் பழங்குடியினர் காட்டுக்குத் தொல்லை தருபவர்களாகவே பார்க்கப்பட்டனர். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பு, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக இம்மக்கள் சொல்லும் மரபுக் கதையைப் பதிவு செய்கிறது. மனிதரைப் பற்றிய ஆர்வம் அவர்களது தானியத்தின் மேல் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. நில உரிமைக் கேள்விக்குச் சட்டம் வாய் திறக்க 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேளாண் ஆய்வின் கதை கோவையில் தொடங்குகிறது. 1920-களில் அங்கே சிறுதானிய வல்லுநராக இருந்த ஜி. என். ரங்கசாமி அய்யங்காரின் பணி பெரும்பாலும் சோளத்தைச் சுற்றியது. சாமை, தினை, வரகு போன்றவற்றுக்கு அகில இந்திய அளவில் தனி ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் அமைந்ததே 1986-இல்தான். அதற்குள் பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தது. பின்னர் திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிறுதானியங்களுக்கென ஒரு மகத்துவ மையத்தை நிறுவியது. அதன் 'ஏடிஎல் 1' சாமை 2019-இல் வெளியானது. 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். கதிர் சீராக முதிரும். பயிர் சாயாது என்பதால் இயந்திரத்தாலும் அறுக்கலாம். நல்ல ரகம், மறுப்பதற்கில்லை.

ஆனால் அறுத்த பிறகு என்ன? சாமையின் உமி அரிசியைவிட்டு எளிதில் கழலாது. வெயிலில் காய வைத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாத மணிகளை மறுபடி உரலில் இட்டு, கல்லும் குருணையும் பிரித்த பிறகுதான் உலை வைக்கலாம். மணி கடுகளவு சிறியது. நெல் ஆலையில் போட்டால் பாதி நொறுங்கும், பாதி உமியோடே வெளிவரும். இந்த வேலை முழுவதும் பெண்களின் தலையில் விழுந்தது. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011-இல் விலையில்லாமலே வந்தது. குத்த வேண்டாத அரிசி கையில் இருக்கும்போது உலக்கையை எடுக்கச் சொல்லும் நியாயம் எவருக்கும் இல்லை. மலைமக்கள் பழைய உணவை மறந்துவிட்டார்கள் என்று நகரத்தில் உட்கார்ந்து அங்கலாய்ப்பவர்கள் ஒரு படி சாமையையாவது குத்திப் பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

உமி நீக்கும் இந்த உழைப்பைக் கவனித்த முன்னோடி முயற்சி கொல்லிமலையில் நடந்தது. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பாரம்பரிய ரகங்களைக் காப்பதோடு நிற்காமல், மகளிர் குழுக்கள் நடத்தும் சிறு அரைவை இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டு சென்றது. ஜவ்வாது மலையிலும் இன்று பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் சாமையை அரிசியாக்கி விற்கிறது.

மருத்துவ ஆய்வு கடைசியாக வந்து சேர்ந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் அறிவித்தது. அதே ஆண்டை ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கடைகளில் சாமைப் பொட்டலம் பெருகியது. ஆனால் உமியோடு தவிட்டையும் சேர்த்துத் தீட்டினால் நார்ச்சத்தும் தாதுக்களும் குறைந்துவிடும். பளிச்சென்று வெளுத்த சாமை, தீட்டிய நெல்லரிசிக்குப் பக்கத்து வீடுதான். சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதா என்ற கேள்விக்குப் பாதி விடை ஆலைக்காரரின் கையில் இருக்கிறது.

நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023-இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். கேழ்வரகை அப்படியே மாவாக அரைக்கலாம், உமித் தொல்லை இல்லை. ஜவ்வாது மலையின் ரேஷன் கடைக்குச் சாமை வர வேண்டுமானால் அடுத்த ரகத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தவிட்டைக் காத்து உமியை மட்டும் நீக்கும் சிறு ஆலைகளை மலையிலேயே ஊர்தோறும் நிறுவுவதற்கு அத்தியந்தல் மையமும் மாவட்ட நிர்வாகமும் முன்னுரிமை தர வேண்டும்.