துனீசியா: மக்கள் மனப்பாங்கு

துனீசிய மக்கள் மனப்பாங்கு என்பது, முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக உள்ள இவ்வட ஆப்பிரிக்க நாட்டினர் சமயம், அரசியல், வாழ்க்கை நிலை குறித்துக் கொண்டுள்ள பொதுக் கருத்தாகும். சமயப்பற்று ஆழமானது, ஆயினும் பலதார மணத்தைத் தடைசெய்த 1956ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. 2011 தேர்தலில் 217 இடங்களில் 89ஐ வென்ற இசுலாமியவாதக் கட்சியான அந்நஹ்தா, 2016இல் சமயப் பரப்புரையை அரசியலிலிருந்து பிரித்தது.

மக்களின் சினத்தைக் கிளறியதில் வாழ்வாதாரத்துக்கே முதலிடம். 1984 சனவரியில் ரொட்டி விலையேற்றம் கலவரமாக வெடிக்க, அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில், தராசு பறிக்கப்பட்ட தள்ளுவண்டிப் பழ வியாபாரி முகம்மது பூஅசீசி தீக்குளித்தார். இதையடுத்து மக்கள் போராட்டம் வெடிக்க, 28 நாளில் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். 2021 சூலை 25இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது மக்கள் தெருவில் கொண்டாடினர். ஆயினும் 2022 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே.