கல்லூரி நூல் நிலையமும் இலக்கிய ஆராய்ச்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. அனுபவமில்லாத வெறும் படிப்பை இகழ்வதற்கு அதனை வழங்குவர். ஆயின், ஏட்டையே திறந்து பாராமல் ஏட்டிலுள்ளதைப் பற்றி எழுதத் துணிபவனை என்னென்பது? அவனிடம் சுரைக்காயும் இல்லை, ஏடும் இல்லை. அத்தகையோருள் ஒருவனாக யானும் ஒரு காலத்தில் இருந்தேன் என்பதை இம் மலரைப் படிக்கும் இளைஞர்க்கு முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றேன்.

கல்லூரியில் மேல்வகுப்பிற் பயின்றபொழுது, புறநானூற்றைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுமாறு தமிழாசிரியர் பணித்தார். நூல் நிலையம் எமது வகுப்பறைக்கு அடுத்த கட்டடத்திலேயே இருந்தது. யானோ இலக்கிய வரலாற்று நூல் ஒன்றையும், முந்திய ஆண்டு மாணவர் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரிரவிற் கட்டுரையை முடித்துவிட்டேன். "புறநானூற்றின் நானூறு பாடல்களையும் ஆராயுமிடத்து" என்று பெருமிதத்துடன் தொடங்கியிருந்தேன். கட்டுரை திரும்பி வந்தபோது அதிலே திருத்தம் ஒன்றும் இல்லை. ஓரத்தில், சிவப்பு மையில், ஒரேயொரு வினா மட்டும் இருந்தது: "தம்பி, 267 ஆம் பாட்டில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது?"

விடை தேடி நூல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பொறுப்பாளர் ஐயா ஒன்றும் கேளாமல், அட்டைப் பெட்டியின் இழுப்பறையைக் காட்டினார். ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரால் ஓர் அட்டை, நூற்பெயரால் ஓர் அட்டை, பொருளால் ஓர் அட்டை என மூன்று வழிகள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். அட்டையின் மூலையில் 894.811 என்று எழுதப்பட்டிருந்தது. அமெரிக்க நூலகராகிய மெல்வில் டூயி 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பு முறை பின்னர் விரிவடைந்தபோது தமிழ் இலக்கியத்துக்கு வகுக்கப்பட்ட எண் அது. அந்த எண் காட்டிய அலுமாரியிலே டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு இருந்தது.

நூலைப் புரட்டினேன். பழைய உரை 266 ஆம் பாட்டோடு நின்றுவிடுகின்றது. 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் கிடைக்கவேயில்லை. எண்கள் மட்டும் எஞ்சியிருக்க, பாட்டு மீண்டும் 269 இலே தொடங்குகின்றது. அதற்கப்பாலும் சில பாட்டுக்கள் சிதைந்தே காணப்படுகின்றன. முதற் பாட்டோ பாரதம் பாடிய பெருந்தேவனார் இயற்றிய கடவுள் வாழ்த்து. யான் "ஆராய்ந்த" நானூறு பாடல்களுள் இரண்டு உலகிலேயே இல்லை! ஆசிரியரிடம் சென்று, "அந்தப் பாட்டுக் கிடைக்கவில்லை, ஐயா" என்றேன். "இப்பொழுதுதான் நீர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருக்கிறீர்" என்றார் அவர்.

அன்று யான் உணர்ந்த நாணத்தின் பொருள், அந்நூல் அலுமாரிக்கு வந்து சேர்ந்த வரலாற்றைப் படித்தபின்னரே முழுவதும் விளங்கிற்று. அவ்வரலாற்றின் ஒரு தலைப்பு நமது யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றது. சிறுப்பிட்டியில் 1832 ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினரியிற் கல்வி கற்றவர். சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றிய 1857 ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். உயர்ந்த உத்தியோகமும் வசதியும் வாய்த்தபின் அவர் ஓய்ந்திருந்திருக்கலாம். அவரோ செல்லரித்த ஏடுகளைத் தேடிப் புறப்பட்டார். வீரசோழியம் 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1885 இலும், கலித்தொகை 1887 இலும் அவர் கையால் அச்சேறின. தொட்ட இடமெல்லாம் உதிரும் ஏடுகளின் நிலையை அவர் தமது பதிப்புரையில் எழுதியிருப்பதைப் படிப்போர் கண்கலங்காதிருத்தல் அரிது.

மற்றொரு தலைப்பு கும்பகோணத்தில் இருக்கின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராய்ப் புராணங்களும் பிரபந்தங்களும் ஐயந்திரிபறக் கற்ற சாமிநாதையர், 1880 ஆம் ஆண்டில் அங்குள்ள அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியரானார். அவ்வாண்டில் அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றபோது, தாம் படித்த நூல்களின் பெயர்களையெல்லாம் அடுக்கினார். முதலியாரோ சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே ஐயரின் விடை. அந்த "இல்லை"யை மறைக்காமையே அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கிற்று. சைவ ஆதீனத்திலே பயின்றவராயினும், சைன நூலாகிய சிந்தாமணியின் பொருளை அறியக் கும்பகோணத்துச் சைனரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887 இல் அதனை வெளியிட்டார். பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் தொடர்ந்தன.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. பாட்டுக் கிடைக்காத இடத்தில் தாமே ஒரு பாட்டை இயற்றிச் செருகிவிடும் புலமை சாமிநாதையருக்கு இல்லாமலில்லை. அவர் அதனைச் செய்திலர். இல்லாததை இல்லையென்றே விட்டார். அந்த நேர்மையினால் அன்றோ, எஞ்சிய பாட்டுக்களை நாம் இன்று நம்பிப் படிக்கின்றோம்? அவர் காட்டை வெட்டி வழி சமைத்தார். யானோ அவ்வழியில் ஓரடியும் வையாமலே ஊரைக் கண்டதாக எழுதினேன்.

மூல நூலைப் பார்த்தல் வேண்டும் என்பதனால், இலக்கிய அலுமாரி ஒன்றே போதும் என்று கொள்ளற்க. மட்டக்களப்புத் தந்த சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பண்டிதர். அவர் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும், பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளைத் துலக்குவதற்கு அவருக்குக் கணிதமும் ஒலிநூலும் வேண்டியிருந்தன. பல்லாண்டு உழைப்பின் பயனாக 1947 இல் யாழ்நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சுவாமிகள் மறைந்தார். காப்பியத்தின் ஒரு காதையைப் பொருளுணர்ந்து படிப்பதற்கு நூல் நிலையத்தின் மறுகோடி வரையும் நடக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நூல்கள் அலுமாரியில் என்றும் இருக்கும் என்று எண்ணுதலும் தவறு. யாழ்ப்பாணத்திலே க. மு. செல்லப்பா அவர்கள் 1933 ஆம் ஆண்டு தமது வீட்டிலே தொடங்கிய சிறு முயற்சி, ஊராரின் பொருளுதவியாலும் உழைப்பாலும் வளர்ந்து, 1959 இல் அழகிய கட்டடத்தில் திறக்கப்பெற்ற பொது நூல் நிலையமாயிற்று. கல்லூரி அலுமாரியில் இல்லாத நூலை நாடி மாணவர் அங்கே சென்றனர். 1981 ஆம் ஆண்டில் ஓரிரவு அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. புறநானூற்றில் இரண்டு எண்கள் வெறுமையாய் நிற்பதைக் கண்டு வருந்துகின்றோம். அந்த ஓரிரவில் எத்தனை எண்கள் வெறுமையாயின என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

இத்தகைய இழப்பு மீண்டும் நேராதிருக்கவே, 2005 ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் இணைய நூல் நிலையம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படமெடுத்து யாவர்க்கும் இலவசமாய் அளித்து வருகின்றது. ஆகவே, கைத்தொலைபேசியிலே தேடிப் படித்தல் குற்றமன்று. எங்கே படிப்பினும், யார் பதிப்பு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று பாராமல் ஒரு வரியைப் பெயர்த்தெழுதுதலே குற்றமாகும்.

இளைஞர்காள்! இலக்கியக் கட்டுரை எழுதப் புகுமுன் உங்கள் கல்லூரி நூல் நிலையத்திலே ஒரு முழுநாளைச் செலவிடுங்கள். முதலில் மூல நூலின் பதிப்புரையைப் படியுங்கள். பதிப்பாசிரியர் எதனைக் கண்டார், எதனைக் காணவில்லை என்பதை அவரே அங்குச் சொல்லியிருப்பார். ஒரு கருத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியாகக் குறிப்பெடுத்து, ஒவ்வொன்றிலும் பதிப்பையும் பக்கத்தையும் குறியுங்கள். பிறர் சொல்லக் கேட்டதைப் பிறர் சொன்னதாகவே எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுத அஞ்சாதீர்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலும் பரண்களிலும் பழைய பதிப்புக்களும், கோயில் மலர்களும், ஒருவேளை ஏட்டுக் கட்டுக்களும் கிடக்கலாம். அவற்றைக் கறையானுக்கும் மழைக்கும் விட்டுவிடாமல், அருகிலுள்ள கல்லூரி நூல் நிலையத்துக்கு அளியுங்கள். கொடுக்க மனமில்லையேல் படமெடுக்கவேனும் இடங்கொடுங்கள். நாளை ஒரு பிள்ளை ஒரு பாட்டைத் தேடி வரும்போது, அது கிடைக்கவில்லை என்ற விடையோடு திரும்பாமல் இருப்பதற்கு அதுவே வழியாகும்.