முதலில் வாத்தியார், பிறகுதான் கோச்



பொதுத் தேர்வு முடிவு வந்ததிலிருந்து தினமும் இரண்டு மூன்று போன் வருகிறது. "சார், பையன் மார்க்கைக் குறைச்சிட்டான்" என்று என்னிடம் படித்தவர்களே வருத்தப்படுகிறார்கள். அதனால் இன்று ஒரு வாத்தியாரின் கதை. அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன்.

1910இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்து விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்த ஊர்ப்பக்கம் கூடைப்பந்து என்றால் உயிர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆடியபோது, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இடம்பிடித்தார். 1932இல் பட்டம் பெற்று வெளியே வந்ததும் அவர் போனது பள்ளிக்கூடத்துக்கு. ஆங்கிலம் நடத்தினார், பிள்ளைகளுக்கு விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியாளராக முதல் ஆண்டு அவர் அணி ஜெயித்ததை விடத் தோற்றதே அதிகம்.

வகுப்பில் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஏ, பி கிரேடு வாங்காத பிள்ளையைப் பெற்றோர் தோற்றவனாகவே பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை சி வாங்கினால் பரவாயில்லை, தன் பிள்ளை வாங்கக் கூடாது! 1934இல் வெற்றிக்குத் தானே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டார். தன்னால் முடிந்த அளவு முழுமையாக முயன்றோம் என்று மனம் அறிந்து அடையும் நிம்மதிதான் வெற்றி என்பது அதன் சாரம். கடைசி வரை அவர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

போரின்போது கடற்படையில் இருந்துவிட்டு, 1946இல் இண்டியானா மாநில ஆசிரியர் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்தார். அடுத்த ஆண்டே கான்சாஸ் சிட்டியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. வுடன் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். அவர் நட்சத்திர வீரர் அல்ல, மாற்று ஆட்டக்காரர்தான். அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். 1948இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. வாக்கரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் வாக்கர். இறுதி ஆட்டத்தில் அணி தோற்றது. ஆனால் அவருடைய விளக்கப்படி பார்த்தால் அது தோல்வியா?

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் தேசியக் கோப்பை 1964இல்தான் கிடைத்தது, அங்கே அவருடைய 16ஆவது சீசனில். அதன்பின் 1975இல் ஓய்வு பெறும்வரை மொத்தம் 10 கோப்பைகள். இடையில் தொடர்ந்து 88 ஆட்டங்களில் வெற்றி. ஆட்டக்காரர், பயிற்சியாளர் என்ற இரண்டு தகுதியிலும் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

எனக்குக் கோப்பைகளை விட அவர் பாடம் நடத்திய விதம்தான் பிடித்தது. ஆசிரியர் பயிற்சியில் எங்களைப் பாடக்குறிப்பு எழுதச் சொல்லி வாட்டுவார்கள். இவர் ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நிமிடக் கணக்கில் திட்டமிட்டுச் சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார். முதல் நாள் பாடம் என்ன தெரியுமா? சாக்ஸ் போடுவது! சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும். ஏழடிக்கு மேல் உயரமான கரீம் அப்துல் ஜப்பாரும் அந்தப் பாடத்துக்கு உட்கார்ந்தவர்தான்.

1974–75இல் இரண்டு உளவியல் அறிஞர்கள் அவர் பயிற்சி தரும் இடத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் எண்ணிக் குறித்தார்கள். மொத்தம் 2,326. அதில் முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விளக்கம்தான். பாராட்டு சுமார் 7 சதவீதம். தவறு செய்தவனைக் கண்டித்தாலும், சரியான முறையைக் கையோடு காட்டிவிடுவார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் விடைத்தாள்களை மார்க் வரிசைப்படி அடுக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தவன். கடைசித் தாளை வாங்க நடந்து வந்தவர்களுக்கு எது புரியவில்லை என்று நான் கேட்டது மிகக் குறைவு. உங்களில் அந்தக் கடைசித் தாளை வாங்கியவர்கள் இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வுடன் 2010இல், தமது 99ஆவது வயதில் காலமானார். கரீமுக்கும் அவருக்கும் இருந்த உறவு சுமார் 50 ஆண்டு நீடித்தது. அதைப் பற்றிக் கரீம் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு வாத்தியாருக்கு வேறென்ன கோப்பை வேண்டும்?

இன்று வீட்டில் பிள்ளையிடம் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், "உன்னால் முடிஞ்ச வரைக்கும் படிச்சியாப்பா?" என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால், தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

அனைவரும் நலமுடன் இருங்கள்.