எண் பிரிப்பு நிரலைச் சோதித்தல்

எண் பிரிப்பு நிரல் என்பது ஒழுங்கில்லாமல் எழுதப்பட்ட உரைச் சரத்திலிருந்து எண்களைப் பொறுக்கி, கூட்டிக் கழிக்கத் தக்க மதிப்புகளாக மாற்றித் தரும் சிறு ஸ்கிரிப்ட். கடை ரசீது, வங்கிக் குறுஞ்செய்தி, ஸ்கேன் செய்த பழைய பதிவேடு ஆகியவற்றில் இதற்கு ஓயாத வேலை உண்டு. இதை எழுதப் பத்து வரி போதும்; சோதிப்பதுதான் கடினம். பிழை நேர்ந்தால் இந்த நிரல் பெரும்பாலும் நின்றுவிடுவதில்லை. தவறான ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

இத்தகைய நிரல்களில் பெரும்பாலும் கையாளப்படுவது, தேட வேண்டிய எழுத்து வடிவத்தை விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். இதன் கணித அடிப்படையை ஸ்டீபன் கிளேனி 1956இல் வெளியிட்டார். உரையில் தேடுவதற்கு அதைப் பயன்படுத்தும் வழியைக் கென் தாம்சன் 1968இல் எழுதினார்.

‘ரூ.1,25,000/-’ என்ற ஒரே சரத்தை எடுத்துக்கொள்வோம். [0-9]+ என்ற வடிவம் இதிலிருந்து 1, 25, 000 என மூன்று துண்டுகளைத் தரும். காற்புள்ளியையும் புள்ளியையும் சேர்த்து [0-9.,]+ என்று எழுதினால், ‘ரூ’வுக்குப் பின்னால் உள்ள சுருக்கப்புள்ளியும் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், காற்புள்ளிகளை நீக்கியதும் ஒன்றேகால் லட்சம் 0.125 ஆகிவிடும். மேலை நாட்டு வழக்கப்படி மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும் வடிவமோ 1, 25,000 என இரண்டு எண்களைத் தருகிறது. இவற்றில் மிக மோசமானது கடைசிப் பிழைதான். 0.125 ரூபாயைப் பார்க்கும் கணக்கர் உடனே சந்தேகப்படுவார்; 25,000 ரூபாய் யார் கண்ணையும் உறுத்தாது.

கழித்தல் குறியும் இதே போன்ற தொல்லை. ‘5-7 நாட்களில் வந்து சேரும்’ என்ற வரியில் -?[0-9]+ என்ற வடிவம் 5, -7 என்ற இரண்டு எண்களைக் காணும். விசைப்பலகையில் உள்ள சிறு கோடும் கணிதத்தின் கழித்தல் குறியும் யுனிகோடில் வெவ்வேறு குறிகள் என்பதால், ஒன்றை மட்டும் அறிந்த நிரல் மற்றதைக் கண்டால் எதிர்ம எண்ணை நேர்ம எண்ணாக்கிவிடும். சென்னையின் தொலைபேசிக் குறியீடான 044 முழுஎண்ணாக மாறினால் 44தான் மிஞ்சும். இலக்கங்களால் ஆனவை எல்லாம் எண்கள் அல்ல என்பதால், எதை எடுக்கக் கூடாது என்பதற்கும் சோதனை வேண்டும். ‘1.250’ என்பது நமக்கு ஒன்றேகால். ஜெர்மன் வழக்கில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. இதை எந்த வடிவத்தாலும் தீர்க்க முடியாது. தரவு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டறிந்துதான் எதிர்பார்க்கும் விடையை எழுத வேண்டும்.

தமிழ் இலக்கங்களுக்குத் தனிச் சோதனை தேவை. பைத்தான் 3இல் இலக்கத்தைக் குறிக்கும் ரெஜெக்ஸ் குறி ௦ முதல் ௯ வரை உள்ளவற்றையும் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி 0 முதல் 9 வரை மட்டுமே ஏற்கும். ஆனால் ௰, ௱, ௲ ஆகியவை யுனிகோடில் இலக்கங்களாக வகைப்படுத்தப்படவில்லை. ஆகவே பழைய முறைப்படி ௨௱௩௰ என்று எழுதிய 230, பைத்தானில் 2, 3 என்று வரும். தட்டச்சில் ௧ இருக்க வேண்டிய இடத்தில் க, ௭ இருக்க வேண்டிய இடத்தில் எ என்று உருவம் ஒத்த எழுத்துகள் புகுந்துவிடுவதும் உண்டு. பழந்தமிழ் ஆவணங்களைக் கையாளுபவர்கள் இந்தச் சரங்களைச் சோதனையில் சேர்க்காமல் விடக் கூடாது.

எண் அல்லாததை எண்ணாகப் படித்ததற்குப் பேர்பெற்ற உதாரணம் மரபணுவியலில் இருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் தரும் அடையாளக் குறிகளில் சில, இலக்கங்களுக்கு நடுவே ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தைக் கொண்டவை. எக்ஸெல் அவற்றைப் பத்தின் அடுக்காகப் படித்து மாபெரும் எண்களாக மாற்றியதை 2004இல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. எக்ஸெலில் தேதியாக மாறிவிடும் மரபணுப் பெயர்கள் சிலவற்றுக்கு மாற்றுப் பெயர் சூட்டப்பட்ட செய்தி 2020இல் பரவலாகப் பேசப்பட்டது.

நடைமுறையில் சோதனை ஓர் அட்டவணையாக அமைகிறது: ஒரு பக்கம் சரம், மறுபக்கம் எதிர்பார்க்கும் விடை. அந்த விடையை நிரலை ஓட்டிப் பார்த்து நகலெடுக்காமல், ஆளே படித்துக் கையால் எழுத வேண்டும். சரங்களும் உண்மைத் தரவிலிருந்து வர வேண்டும்; நிரலை எழுதியவர் தாமே புனைந்தவை அவருக்குத் தெரிந்த பிழைகளைத் தாண்டிப் போவதில்லை. புதிதாக ஒரு பிழை அகப்பட்டால், திருத்துவதற்கு முன்பே அந்தச் சரம் அட்டவணையில் ஏற வேண்டும்.

இதற்குத் துணையாக இன்னொரு முறையும் உண்டு. கணினியே ஏதோ ஓர் எண்ணை உருவாக்கி, முன்னும் பின்னும் குப்பை எழுத்துகளைச் சேர்த்து, நிரல் அதே எண்ணை மீட்டுத் தருகிறதா என்று ஆயிரக்கணக்கான முறை பார்க்கும். கோன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட குயிக்செக் என்ற கருவி இவ்வகைச் சோதனையைப் பரவலாக்கியது.

எண்ணே இல்லாத சரத்துக்கும், வெற்றுச் சரத்துக்கும் நிரல் ‘எண் இல்லை’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விலை எழுதாத ரசீது வரிக்கு 0 என்று விடை தரும் நிரல், மற்ற எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தாலும் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல.